‘அப்படி ஓர் ஆவணம் இல்லை’: கிராமப் பதிவேடுகளைத் தேடும்போது வரும் சிக்கல்களும் அவற்றை நீக்கும் வழியும்

தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றின் பதிவேடுகளைத் தேடிப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் பதில் ஒன்றுதான்: “அப்படி ஓர் ஆவணம் இல்லை.” இதை நம்பி உடனே பஸ் ஏறிவிட வேண்டாம். ஆவணம் உண்மையிலேயே அழிந்துபோயிருப்பது அரிது. வேறு பெயரில், வேறு எண்ணில், வேறு துறையின் அலமாரியில், சில சமயம் வேறு மாவட்டத்தின் காப்பறையில் அது கிடக்கும். ஒரே ஊரை வருவாய்த் துறை ஒரு விதமாகவும், ஊரக வளர்ச்சித் துறை இன்னொரு விதமாகவும், பதிவுத் துறை வேறொரு விதமாகவும் வகுத்து வைத்திருக்கின்றன. ஒரு துறையின் பெயரைச் சொல்லி இன்னொரு துறையின் கதவைத் தட்டினால் ‘இல்லை’ என்ற பதில்தான் வரும். சொன்னவர் பொய் சொல்லியிருக்க மாட்டார்.

ஆகவே உங்களுக்கு வந்திருக்கும் அறிகுறி எதுவோ அதற்குரிய பகுதியைப் படித்தால் போதும். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுவது நல்லது.

அறிகுறி: கிராம நிர்வாக அலுவலர் ஊராட்சியைக் கைகாட்டுகிறார், ஊராட்சிச் செயலர் அவரையே திருப்பிக் கைகாட்டுகிறார்

இருவரும் ஒரே தெருவில் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் ஒருவர் வட்டாட்சியருக்குக் கீழ், மற்றவர் வட்டார வளர்ச்சி அலுவலருக்குக் கீழ். பரம்பரைக் கர்ணமும் மணியகாரரும் 1980 நவம்பரில் நீக்கப்பட்ட பிறகு வந்தவர்தான் கிராம நிர்வாக அலுவலர். நிலம் தொடர்பான அடங்கல் (பயிர்க் கணக்கு), சிட்டா (உரிமையாளர் வாரியான நிலக் கணக்கு), அ-பதிவேடு (சர்வே எண் வாரியான நிலப் பதிவேடு), புலப்படம் (நில அளவைப் படம்) ஆகியவை அவர் பொறுப்பு. சாதி, வருமானம், வாரிசு ஆகிய சான்றுகளுக்கான விசாரணையும், கிராமத்தில் நடக்கும் பிறப்பு, இறப்புப் பதிவும் அவரிடம்தான்.

வீட்டு வரிக் கேட்புப் பதிவேடு, குடிநீர் இணைப்பு, தெருவிளக்கு, கட்டட அனுமதி, கிராம சபைத் தீர்மானப் பதிவேடு, ஊராட்சியின் வரவு செலவு ஆகியவை செயலரிடம் இருக்கும். பத்திரமும், ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்றும் சார்பதிவாளரிடம். குடும்ப அட்டை வட்ட வழங்கல் அலுவலகத்தில். கோயில் நிலம் என்றால் இந்து சமய அறநிலையத் துறையிடமும் ஒரு பதிவு இருக்கும்.

இங்கே ஒரு பொறி உண்டு. வீட்டு வரி ரசீது நிலத்துக்கு உரிமைச் சான்று ஆகாது. வரி வசூலிக்கும் ஊராட்சி, மனை யாருடையது என்று தீர்ப்புச் சொல்வதில்லை. புறம்போக்கில் கட்டிய வீட்டுக்கும் வரி போடப்பட்டிருக்கும். ‘இருபது வருட வரி ரசீது இருக்கிறதே, பட்டா ஏன் இல்லை’ என்ற கேள்வி எழுவது இந்தக் குழப்பத்தால்தான்.

ஊராட்சித் தலைவர் பதவியில் இல்லை, ஆகவே பதிவேட்டைக் காட்ட முடியாது என்றும் சில இடங்களில் சொல்கிறார்கள். 2019 இறுதியில் தேர்தல் நடந்த ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, 28 மாவட்டங்களில் பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. தலைவர் போனாலும் பதிவேடு போகாது. செயலரிடம் கேளுங்கள். அவர் கைவிரித்தால் வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்குச் செல்லுங்கள். அங்கே இரண்டு வட்டார வளர்ச்சி அலுவலர்கள் இருப்பார்கள். அறைப் பலகையில் ‘கி.ஊ.’ என்று போட்டிருப்பவர்தான் கிராம ஊராட்சிகளுக்கு உரியவர்.

அறிகுறி: இணையதளத்தில் ஊர்ப் பெயரே வரவில்லை

நில ஆவணங்களைக் காட்டும் அரசின் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ தளத்தில் மாவட்டம், வட்டம் தேர்ந்தெடுத்து, கிராமங்களின் பட்டியலை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தும் சொந்த ஊர் தென்படவில்லை. நீங்கள் பிறந்த ஊர் ஒரு குக்கிராமமாக இருக்கும். தளம் கேட்பது வருவாய் கிராமத்தின் பெயர். தமிழ்நாட்டில் வருவாய் கிராமங்கள் 16,000க்கும் மேல். ஊராட்சிகள் ஏறத்தாழ 12,500. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று சரியாகப் பொருந்துவதில்லை. ஓர் ஊராட்சிக்குள் இரண்டு, மூன்று வருவாய் கிராமங்கள் இருக்கலாம். ஒரே வருவாய் கிராமம் இரண்டு ஊராட்சிகளாகவும் பிரிந்திருக்கலாம். ஊர்ப் பெயரோடு ‘பகுதி 1’, ‘பகுதி 2’, ‘பிட்’, ‘கஸ்பா’ என்று ஒட்டிக்கொண்டிருக்கும் பெயர்கள் இந்தக் கணக்கில் வந்தவை.

வருவாய் கிராமத்தின் பெயரைக் கண்டுபிடிக்க எளிய வழி, பக்கத்து நிலத்துக்காரரின் பட்டாவைப் பார்ப்பது. அது கிடைக்காவிட்டால் எந்தப் பழைய பத்திரத்திலும் சொத்து விவரப் பகுதியில் ‘பதிவு மாவட்டம், சார்பதிவகம், வட்டம், கிராமம்’ என்று வரிசையாக வரும். அந்தக் கிராமப் பெயரைப் பயன்படுத்துங்கள். சிலர் கூகுள் வரைபடத்தில் இருக்கும் பெயரை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் போராடுவார்கள். வரைபடத்துக்கும் வருவாய்த் துறைக்கும் எந்த ஒப்பந்தமும் கிடையாது.

வட்டத்தின் பெயரே பட்டியலில் இல்லையா? மாவட்டம் பிரிந்திருக்கும். 2019இல் திருநெல்வேலியிலிருந்து தென்காசியும், விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சியும், வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும், காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டும் பிரிந்தன. 2020இல் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை பிரிந்தது. இணையத்தில் இன்றைய மாவட்டத்தின் பெயரில் தேட வேண்டும். காகித ஆவணத்தையோ தாய் மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகக் காப்பறையிலும் விசாரிக்க வேண்டியிருக்கும். புதிய அலுவலகத்தில் ‘இங்கே வந்துசேரவில்லை’ என்றால் அது பெரும்பாலும் உண்மையே. பழைய அலுவலகத்தின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள்.

வாக்காளர் பட்டியலிலும் இதே நோய்தான். வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்காக 2002, 2005 ஆண்டுகளின் பட்டியலில் தாய் தந்தையர் பெயரைத் தேடியவர்கள் பலர் இன்றைய சட்டமன்றத் தொகுதியின் பெயரில் தேடி ஏமாந்தார்கள். 2008ஆம் ஆண்டின் தொகுதி மறுவரையறைக்கு முந்தைய பட்டியல்கள் அவை. பழைய தொகுதிப் பெயரில், அன்றைய வாக்குச்சாவடியான பள்ளியின் பெயரை வைத்துப் பாகம் பாகமாகப் பார்க்க வேண்டும்.

அறிகுறி: பத்திரத்தில் உள்ள சர்வே எண்ணைப் போட்டால் யாரோ ஒருவர் பெயர் வருகிறது

பதற வேண்டாம். உங்கள் நிலத்தை யாரும் எழுதி வாங்கியிருக்க வேண்டும் என்பதில்லை. பத்திரம் எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்று முதலில் பாருங்கள். 1979 ஜூன் முதல் 1987 ஏப்ரல் வரை தமிழ்நாடு முழுவதும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. வட்டாட்சியர் அலுவலகங்களில் யு.டி.ஆர். என்றால் சட்டென்று புரியும். அப்போது உட்பிரிவுகள் புதிதாகப் பிறந்தன, சில கிராமங்களில் சர்வே எண்களே மாறின, பட்டா எண்கள் எல்லாம் புதிதாகப் போடப்பட்டன. அதற்கு முந்தைய பத்திரத்தின் எண்ணை இன்றைய தளத்தில் போட்டால் வேறு யாருடைய நிலமோதான் வரும்.

பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் பாலம் அ-பதிவேடு. அதில் புதிய புல எண்ணுக்கு அருகிலேயே பழைய புல எண்ணுக்கும் ஒரு கட்டம் உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் பிரதியில் அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அங்கே தெளிவாக இல்லையென்றால் வட்டாட்சியர் அலுவலகத்தில் நில அளவைப் பிரிவிடம் பழைய எண், புதிய எண் ஒப்பீட்டுப் பட்டியலைக் கேளுங்கள்.

யு.டி.ஆர். காலத்திலேயே தவறாகப் பெயர் ஏறிவிட்ட நிலங்கள் ஏராளம். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தால் வட்டாட்சியர் மட்டத்திலேயே சரிசெய்யலாம். ஆள் மாறியிருந்தாலோ பரப்பு மாறியிருந்தாலோ மனு கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர் வரை போகும். அதற்கு யு.டி.ஆருக்கு முந்தைய பதிவின் நகலும் அன்றைய பத்திரமும் கையில் இருக்க வேண்டும். அவை இல்லாமல் மனு கொடுப்பது பயன் தராது.

வீட்டு மனைகளுக்கு இன்னொரு சிக்கல். ஊரின் குடியிருப்பு நிலத்துக்கு நத்தம் என்று பெயர். பழைய பத்திரத்தில் ‘நத்தம் சர்வே எண் 210’ என்று மட்டும் இருக்கும். ஊர் முழுவதும் அந்த ஒரே எண்ணில்தான் இருந்தது. 1988க்குப் பிறகு வந்த நத்தம் நிலவரித் திட்டத்தில்தான் ஒவ்வொரு வீட்டுக்கும் 210/1, 210/2 என்று உட்பிரிவு கொடுத்து, முதலில் தோராயப் பட்டாவும் பிறகு தூய பட்டாவும் வழங்கினார்கள். தளத்தில் ‘ஊரகம்’ என்ற இடத்தில் இதைத் தேடினால் வராது. நத்தத்துக்கு உள்ள விருப்பத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் பகுதிக்கு நகர நில அளவை முடிந்துவிட்டதென்றால் வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று கேட்கும் வேறொரு பக்கத்துக்குப் போக வேண்டும்.

அறிகுறி: பத்திரத்தில் உள்ள பரப்பும் பட்டாவில் உள்ள பரப்பும் ஒத்துப்போகவில்லை

பத்திரம் ‘1 ஏக்கர் 5 சென்ட்’ என்கிறது. பட்டாவில் ‘0 - 42.50’ என்று இருக்கிறது. நிலம் பாதியாகக் குறைந்துவிட்டது என்று வழக்கறிஞரிடம் ஓடியவர்கள் இருக்கிறார்கள். பட்டா பேசுவது ஹெக்டேர், ஏர்ஸ். கோட்டுக்கு இடப்பக்கம் ஹெக்டேர், வலப்பக்கம் ஏர்ஸ். ஓர் ஏர்ஸ் என்பது 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். 42.50ஐ 2.47ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 105 சென்ட். இரண்டும் ஒன்றேதான்.

கணக்குப் போட்ட பிறகும் இரண்டு, மூன்று சென்ட் குறைகிறதென்றால் புலப்படத்தை எடுத்துப் பாருங்கள். சாலைக்கோ வாய்க்காலுக்கோ ஒரு கீற்று எடுக்கப்பட்டு அதற்கெனத் தனி உட்பிரிவு போடப்பட்டிருக்கும். படத்தில் எண்கள் மீட்டரில் இருக்கும். மிகப் பழைய படமாக இருந்தால் சங்கிலி அளவில், லிங்க் கணக்கில் இருக்கும். ஒரு லிங்க் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர்.

அறிகுறி: வில்லங்கச் சான்றில் எதுவுமே வரவில்லை

‘வில்லங்கம் இல்லை’ என்று வந்தால் நிம்மதியாக மூச்சு விடுகிறவர்கள்தான் அதிகம். நான் அதை ஒரு சந்தேகமாகவே பார்ப்பேன். நாற்பது ஆண்டுகளில் அந்த நிலத்தில் ஒரு பத்திரம்கூட நடக்கவில்லை என்றால், தேடிய விதம் தவறாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பதிவுத் துறைத் தளத்தில் வில்லங்கத்தைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஆனால் அது எண்ணை நம்பி ஓடும் தேடல். 1990இல் பத்திரம் 123/2 என்று பதிவாகியிருக்கும், இன்று உங்கள் நிலம் 123/2அ1 ஆகியிருக்கும். இன்றைய உட்பிரிவை மட்டும் போட்டால் பழைய பத்திரம் எட்டிக்கூடப் பார்க்காது. இப்போதைய உட்பிரிவு, பழைய உட்பிரிவு, தாய் சர்வே எண் ஆகிய மூன்றுக்கும் தேடுங்கள். யு.டி.ஆருக்கு முந்தைய எண் தெரிந்தால் அதற்கும் தேடுங்கள்.

அடுத்து சார்பதிவகம். கிராமங்களை ஒரு சார்பதிவகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பழைய பத்திரத்தின் பின்பக்கத்து முத்திரையில் எந்த அலுவலகம் என்று இருக்கும். அங்கேயும் தேட வேண்டும். இணையத்தில் கிடைப்பது பெரும்பாலும் 1975க்குப் பிந்தையது. அதற்கு முந்தைய காலத்துக்கு அலுவலகத்தில் மனுச் செய்து, கையால் எழுதிய அட்டவணைப் புத்தகத்தைப் புரட்டச் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் கூட்டம் குறைந்த நாளில் போனால் புரட்டுகிறவர் நிதானமாகப் புரட்டுவார்.

எல்லாம் சரியாகச் செய்தும் சில விவரங்கள் இந்தச் சான்றில் வரவே வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உயில் வேறு புத்தகத்தில் பதிவாகிறது. வாய்மொழிப் பாகப்பிரிவினை எங்கும் பதிவாகவில்லை. நடந்துகொண்டிருக்கும் வழக்கும் பெரும்பாலும் தெரியாது. இதற்கெல்லாம் ஊரில் நான்கு பேரிடம் விசாரிப்பதைவிட நல்ல இணையதளம் இன்னும் வரவில்லை.

அறிகுறி: பிறப்பு, இறப்புப் பதிவு அகப்படவில்லை

பிறப்போ இறப்போ நடந்த இடத்தில்தான் பதிவாகும், குடியிருந்த இடத்தில் அல்ல. நம் வழக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில். மூத்த பிள்ளையின் பிறப்பைத் தகப்பன் ஊரில் ஆண்டுக்கணக்கில் தேடிக்கொண்டிருப்பார்கள், அது அம்மாச்சி வீட்டுக் கிராமப் பதிவேட்டில் இருக்கும். மதுரையில் மருத்துவமனையில் இறந்தவரின் பதிவு மதுரை மாநகராட்சியில் இருக்கும், உடலை ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்திருந்தாலும்.

கிராமத்தின் பழைய பிறப்பு, இறப்புப் பதிவேடுகள் கிராம நிர்வாக அலுவலரிடம் நிரந்தரமாகத் தங்குவதில்லை. வட்டாட்சியர் அலுவலகத்துக்கும், பிறகு சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் போய்விடும். நிலம் பதியும் அலுவலகத்தில் பிறப்புச் சான்று எப்படி இருக்கும் என்று பலர் அங்கே கேட்பதே இல்லை. 2018க்குப் பிந்தைய பதிவுகள் மாநிலம் முழுவதற்குமான ஒரே மென்பொருளில் ஏறியிருப்பதால் இணையத்திலேயே பதிவிறக்கிக்கொள்ளலாம்.

பழைய பதிவேட்டில் பிள்ளையின் பெயரைத் தேடாதீர்கள். பெயர் வைப்பதற்கு முன்பே பதிந்திருப்பார்கள். ‘ஆண் குழந்தை’ என்று மட்டும் இருக்கும், பக்கத்தில் தகப்பன் பெயர். அந்தப் பெயரும் ஊரில் கூப்பிட்ட பெயராக இருக்கலாம். பள்ளிச் சான்றில் இருக்கும் பிறந்த தேதியை முழுதாக நம்பவும் வேண்டாம், அது பல வீடுகளில் வாத்தியார் போட்ட தேதி. அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் ஓராண்டு விட்டுத் தகப்பன் பெயரை வைத்துத் தேடச் சொல்லுங்கள்.

உண்மையிலேயே பதிவு இல்லையென்றால் ‘பதிவு இல்லை’ என்பதற்கே ஒரு சான்று எழுத்தில் வாங்குங்கள். 21 நாளுக்குள் பதிந்திருக்க வேண்டியது ஓராண்டையும் தாண்டிவிட்டால் வருவாய்க் கோட்டாட்சியரின் ஆணை பெற்றுத்தான் பதிய முடியும். அந்த மனுவுக்கு இந்தச் சான்றுதான் அடிப்படை. பதிவு இருந்து பெயர் மட்டும் இல்லையென்றால் அது சிறிய வேலை.

அறிகுறி: ஊர்ப் பொது இடம் என்கிறார்கள், ஆனால் யாரோ வேலி போட்டுவிட்டார்

சண்டைக்குப் போவதற்கு முன் அ-பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இணையத்திலும் இதன் பகுதி கிடைக்கிறது. ‘ர’ என்றால் ரயத்துவாரி, அதாவது பட்டா நிலம். ‘ச’ என்றால் சர்க்கார். அதற்கப்புறம் வகைப்பாடு: மேய்க்கால் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு, களம், வண்டிப்பாதை, தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, அனாதீனம். வண்டிப்பாதை என்று தாத்தா காலத்திலிருந்து நடந்துவந்த பாதை பதிவேட்டில் ஒருவரின் பட்டா நிலமாக இருப்பதும், ஒருவர் மூன்று தலைமுறையாக உழுதுவரும் நிலம் வாய்க்கால் புறம்போக்காக இருப்பதும் எல்லா ஊரிலும் உண்டு. எது என்று தெரியாமல் ஆட்சியரிடம் மனு கொடுத்தால், அந்த மனு நான்கு மேசைகள் சுற்றிவிட்டு ‘விசாரிக்கப்பட்டது’ என்று திரும்பி வரும்.

இன்றைய பதிவில் பட்டா என்றும் பழைய பதிவில் புறம்போக்கு என்றும் இருக்கிறதா? அப்போதுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. எந்த ஆணையின்படி வகைப்பாடு மாறியது என்று அந்த ஆணை எண்ணைக் கேளுங்கள். ஒவ்வோர் ஆண்டும் பசலி (ஜூலை முதல் ஜூன் வரையிலான வருவாய் ஆண்டு) முடிவை ஒட்டி, மே, ஜூன் மாதங்களில் வட்டாட்சியர் அலுவலகத்தில் கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஜமாபந்தி நடக்கும். கிராமக் கணக்குகள் எல்லாம் அன்றைக்கு மேசை மேல் வந்தாக வேண்டும். ‘பதிவேடு வேறு அலுவலகத்தில் இருக்கிறது’ என்ற பதில் அன்று செல்லாது. உங்கள் கிராமத்துக்கு எந்த நாள் என்று பிர்க்கா (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய் உள்வட்டம்) வாரியாக முன்கூட்டியே அறிவிப்பார்கள்.

ஜமீன், இனாம் (மானியம்) கிராமங்களில் தேடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ரயத்துவாரி கிராமங்களுக்கு இருப்பதுபோல இவற்றுக்குப் பழைய செட்டில்மென்ட் (நிலவரி நிர்ணய) பதிவேடு இருக்காது. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்த பிறகுதான் இங்கே அரசு அளந்து தீர்வை போட்டது. சிறு இனாம்களுக்கு அதுவும் 1963ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு. அதற்கு முன்னால் போக வேண்டுமென்றால் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இனாம் பதிவேடுகளைப் பார்க்க வேண்டும்.

அறிகுறி: ஆவணம் கிடைத்துவிட்டது, ஆண்டு புரியவில்லை

பசலி எண்ணோடு 590ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கிய ஆங்கில ஆண்டு வரும். பசலி 1390 என்பது 1980 ஜூலை முதல் 1981 ஜூன் வரை. குமரி மாவட்டத்துப் பழைய ஆவணங்கள் திருவிதாங்கூர் காலத்தவை. கொல்லம் ஆண்டில், பலவும் மலையாள எழுத்தில் இருக்கும், பட்டா எண்ணுக்குப் பதில் தண்டப்பேர் எண் இருக்கும். கொல்லம் ஆண்டோடு 825ஐக் கூட்டுங்கள். மாதம் ஆவணியிலிருந்து மார்கழி நடு வரை என்றால் 824. பிரபவ, விபவ என்று தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும் என்பதை மறக்க வேண்டாம். பிரபவ என்பது 1927ஆகவும் இருக்கலாம், 1987ஆகவும் இருக்கலாம். முத்திரைத்தாளில் அரசர் தலை இருக்கிறதா, அசோகச் சக்கரம் இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

அறிகுறி: சாலை போட்டதாகக் கணக்கு, தெருவில் சாலை இல்லை

ஊராட்சிக் கணக்குகளைக் காட்டும் ஒன்றிய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று இறங்கினால் செலவுச் சீட்டு வாரியாகப் பணம் யாருக்குப் போனது என்று பார்க்கலாம். ஆனால் அதில் முக்கியமாகத் தெரிவது பதினைந்தாவது நிதிக்குழுப் பணம். 2021-22 முதல் 2025-26 வரை அதில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டிய நிதி. சாலைப் பணி மாநிலத் திட்டத்திலோ சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதியிலோ நடந்திருந்தால் அங்கே தெரியாது. அதனால் ‘தளத்தில் இல்லை, ஆகவே ஊழல்’ என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ‘தளத்தில் இருக்கிறது, ஆகவே வேலை நடந்தது’ என்பதும் அப்படியே.

ஊராட்சிக்கு வங்கியில் மூன்று கணக்குகள். முதல் கணக்கு பொது நிதி, இரண்டாவது மின்கட்டணமும் குடிநீர் வாரியக் கட்டணமும் செலுத்த, மூன்றாவது திட்டப் பணிகளுக்கு. எந்தக் கணக்கு என்று சொல்லிக் கேட்டால் பதில் தெளிவாக வரும். வெறுமனே ‘ஊராட்சிக் கணக்கு’ என்று கேட்டால் முதல் கணக்கின் தெருவிளக்குச் செலவைக் காட்டி அனுப்பிவிடுவார்கள்.

கேட்க வேண்டிய முக்கிய ஆவணம் அளவீட்டுப் புத்தகம், ஒன்றியப் பொறியாளர்கள் எம்-புக் என்பது. எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரை, எத்தனை மீட்டர் நீளம், என்ன அகலம், என்ன கனம் என்று பொறியாளர் அளந்து கையெழுத்திட்ட பக்கம் அதில் இருக்கும். அந்தப் பக்கத்தின் நகலோடு ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டால் அதற்குமேல் வாதம் தேவையில்லை.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரவு செலவு அறிக்கையைப் படிவம் 30இல் அங்கே வைக்க வேண்டும். மக்கள்தொகைக்கு ஏற்பக் குறைந்தபட்ச வருகை 50, 100, 200, 300 என்று விதி இருக்கிறது. கூட்டம் நடந்ததே தெரியாமல் தீர்மானம் மட்டும் இருக்கிறதென்றால், தீர்மானத்தின் நகலைக் கேட்காதீர்கள், வருகைப் பதிவின் நகலைக் கேளுங்கள். வெளியூரில் இருப்பவர்களும் இறந்தவர்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று உங்கள் தெருக்காரர்களுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

அறிகுறி: தகவல் உரிமை மனுவுக்கு மழுப்பலான பதில், அல்லது பதிலே இல்லை

மனுவைத் திரும்பப் படித்துப் பாருங்கள். ‘எங்கள் தெருவுக்கு ஏன் சாலை போடவில்லை?’ என்று கேட்டிருந்தால் பதில் வராமல் போனதில் வியப்பில்லை. சட்டம் ஆவணத்தைத்தான் தரச் சொல்கிறது, விளக்கத்தை அல்ல. இப்படி எழுதலாம்:

‘... ஊராட்சியில் 2023-24, 2024-25 நிதியாண்டுகளில் எடுக்கப்பட்ட சாலைப் பணிகள் ஒவ்வொன்றுக்கும் (அ) நிர்வாக அனுமதி ஆணை (ஆ) மதிப்பீடு (இ) பணி ஆணை (ஈ) அளவீட்டுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள் (உ) தொகை வழங்கிய செலவுச் சீட்டு ஆகியவற்றின் சான்றளிக்கப்பட்ட நகல்கள் வேண்டும். மேற்கண்ட கோப்புகளைப் பிரிவு 2(ஜே)யின்படி நேரில் பார்வையிடவும் நாள் குறித்துத் தர வேண்டும்.’

கடைசி வரி முக்கியம். கோப்பைப் பார்வையிடக் கேட்டால் ‘ஆவணம் மிகுதி, நகல் எடுக்க இயலாது’ என்ற பதிலுக்கு இடமில்லை. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ‘பொதுத் தகவல் அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலகம்’ என்ற முகவரிக்கு, சேர்ந்ததற்கான ஒப்புகை கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்புங்கள் (பதிவுத் தபால் 2025இல் இதனோடு இணைக்கப்பட்டுவிட்டது). ஆள் பெயர் போட வேண்டாம், மாறுதலாகிப் போயிருப்பார். தவறான அலுவலகத்துக்கே அனுப்பிவிட்டாலும் பிரிவு 6(3)இன்படி அவர்கள் ஐந்து நாளில் உரிய அலுவலகத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

‘தனிநபர் விவரம், தர இயலாது’ என்ற பதில் இனி அதிகமாக வரும். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாக 2025 நவம்பரில் இந்த விலக்கு இறுக்கப்பட்டுவிட்டது. பயனாளியின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் உங்களுக்குத் தேவையில்லை என்றால் அவற்றை மறைத்துவிட்டு மீதியைத் தரும்படி மனுவிலேயே எழுதிவிடுங்கள். பொதுநலன் மிகுந்தால் தரலாம் என்ற பிரிவு 8(2) இன்னும் அப்படியே இருக்கிறது, அதையும் ஒரு வரியில் சுட்டுங்கள்.

முப்பது நாளில் பதில் இல்லையென்றால் மறுத்ததாகவே கொண்டு, அடுத்த முப்பது நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. அதிலும் பயனில்லையென்றால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. அதோடு முதல் மனு, ஒப்புகை, முதல் மேல்முறையீடு, வந்த பதில் ஆகியவற்றின் நகல்களைத் தேதி வரிசையில் இணைக்க வேண்டும். ஒப்புகை திரும்பி வரவில்லையென்றால் தபால் துறைத் தளத்தில் தபால் ரசீதில் உள்ள எண்ணைப் போட்டு, சேர்ந்த தேதி தெரியும் பக்கத்தை அச்செடுத்து வைத்தால் போதும். அதை அன்றைக்கே எடுத்துவிடுங்கள், மாதங்கள் கழித்துத் தேடினால் தளத்தில் இருக்காது.